மருந்து தெரியாது என்று சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுதியிருக்கும் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி, யாரையும் பகைக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அந்தப் பொறுமையை அவர் எதற்கெல்லாம் செலவு செய்தார் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தங்கை நான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

அண்ணன் பிறந்தது ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் நெல்வயல் ஊரில். அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த வயல்களில் பயிர் வைத்தார்கள். பெரியப்பா பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. உரம் வாங்குவது முதல் எனக்குப் பாவாடைத் துணி எடுப்பது வரை அவரைக் கேட்டுத்தான் நடக்கும். குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் அண்ணன். எழுபதுகளின் தொடக்கத்தில், பி.யூ.சி. முடித்த கையோடு, தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தார்.

"டாக்டருக்கு எடம் கெடைக்கலையோ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அண்ணன் அதற்கு விண்ணப்பமே போடவில்லை. செடி கொடி பிடிக்கும், அதனால் சேர்ந்தார். இதைச் சொன்னால் இடம் கிடைக்காதவன் சொல்லும் சாக்கு என்று சிரித்தீர்கள்.

தூத்துக்குடி போனதும் அவருக்குக் கடற்பாசி மேல் பைத்தியம் பிடித்தது. கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைகளில் இறங்கிப் பாசி எடுப்பார். கூடப் போகிறவர் அவருடைய வகுப்புத் தோழர், பெரியதாழை மீனவர் வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் ஒரே அறை. விடுமுறைக்கு வரும்போது அண்ணன் தூக்குவாளியில் கடல்தண்ணீரோடு பாசி கொண்டுவருவார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, கெட்டித் தாளை அதற்குள் அமிழ்த்தி, மேலே பாசியை மிதக்கவிட்டு, ஊசியால் கிளை கிளையாகப் பிரிப்பார். பிறகு தாளை அப்படியே தூக்குவார். நான் துணியால் மூடிப் பாரம் வைப்பேன். காய்ந்த பிறகு எடுத்தால் பாசி தன் பிசினாலேயே தாளோடு ஒட்டியிருக்கும். சிவப்பு, பச்சை, தவிட்டு நிறம் என்று வரைந்து வைத்தது போல இருக்கும்.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார். "ஏலே, வீடே கருவாட்டு நாத்தம் நாறுது. இதுக்கா உன்னை தூத்துக்குடிக்கு அனுப்புனோம்?"

"இது மீனு இல்லம்மா. கடல்ல உள்ள செடி."

"செடின்னா கொழம்பு வைக்கலாமா?"

"சிலதை வைக்கலாம்."

"அப்ப நீயே வச்சு நீயே தின்னு."

இந்தத் தாள்களை இறுதியாண்டு செய்முறைத் தேர்வன்று கொண்டுபோய் வைக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்குப் போகாவிட்டால் பட்டம் கிடையாது.

அந்த வருடப் பிசானப் பருவத்தில் பெரியப்பா ஐ.ஆர். எட்டு நெல் போட்டிருந்தார். பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்த சமயம், இலையில் கண் போலப் புள்ளி விழுந்து பயிர் கருகத் தொடங்கியது. பெரியப்பா ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மூணு வருசமா செடியைத்தானலே படிக்க? இதுக்கு என்ன மருந்து, சொல்லு."

அண்ணன் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூஞ்சணத்தால வார நோய் மாதிரி இருக்கு, பெரியப்பா. மருந்து எனக்குத் தெரியாது. விவசாய ஆபீஸ்ல கொண்டு காட்டுங்க."

"நோயி தெரியுது, மருந்து தெரியலையோ?"

"அது வேற படிப்பு, பெரியப்பா. நாங்க படிக்கிறது வேற."

பெரியப்பா விவசாய ஆபீஸுக்குப் போகவில்லை. உரக்கடையில் சொன்னதைக் கேட்டு யூரியாவை அள்ளிப் போட்டார். அந்த நோய்க்கு யூரியா தீனி போடுவது போல என்று பிற்பாடு ஆபீஸர் வந்து சொன்னார். அதற்குள் வயல் போய்விட்டது.

உரக்கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி அண்ணன் மேல் விழுந்தது. "செடி படிக்கிறவனுக்கு மருந்து தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் மறைச்சுட்டான்" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். நீங்களும் நம்பினீர்கள். எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டுச் செய்முறைத் தேர்வுக்குப் படிக்க ஊருக்கு வந்த அண்ணனை, பெரியப்பா பேச்சைக் கேட்டு அப்பா திரும்ப அனுப்பவில்லை. ஓடிப் போயிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பீர்கள். அப்பா சொல்லைத் தாண்டுகிற வீடு இல்லை அது.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் பெரியதாழைத் தோழர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க. பரீட்சை முடிஞ்சதும் நானே கொண்டாந்து விட்டுருதேன்."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சொன்னார்: "எனக்கு என்ன, தம்பி? மருந்து தெரியும், சொல்லாம இருந்துட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நானே பஸ் ஏத்தி விடுதேன்."

தோழர் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். "சொல்லித் தொலையேன் மக்கா! வாய்க்கு என்ன வலிக்கா?"

அம்மா அடுப்படியில் இருந்து, "சொல்லுலே, சொல்லிட்டுப் போயிரு" என்று அழுதார்.

அண்ணன் தோழர் கையை விலக்கினார். பிறகு, "தெரியாததைத் தெரியும்னு எப்படிப் பெரியப்பா சொல்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான். தோழர் சாயங்கால பஸ்ஸில் தனியாகப் போனார்.

அண்ணன்மேல் எனக்கு இன்றுவரை உள்ள கோபம் இது ஒன்றுதான். ஒரு பொய். நாங்கள் எல்லோரும் தினமும் சொல்கிற அளவில் ஒரு பொய். சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன? பல தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு வேறு பேச்சு எடுப்பார்.

அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருடம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வயலும் வீடும் அண்ணன் தலையில் ஏறின. பிறகு துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சரிபார்த்து எழுதும் வேலை, கல்யாணம், என் கல்யாணம், குழந்தைகள். ஓய்வு பெறும் வரை அதே துறைமுகம்தான். கடல் பக்கத்திலேயே இருந்தது. பாசியும் இருந்தது. பரீட்சை மட்டும் போய்விட்டது.

ஆனால் நீங்கள் விடவில்லை. மா பூக்கவில்லை, தென்னை குரும்பை கொட்டுகிறது, வாழை மஞ்சளாகிறது என்று கடைசி வரை வந்தீர்கள். "நீதான் செடி படிச்சவனாச்சே" என்று சிரித்தீர்கள். அண்ணன் தெரியாது என்பார். சொல்லிவிட்டு, இலையைப் பையில் போட்டு, லீவு நாளில் தானே விவசாய ஆபீஸுக்கு எடுத்துப்போய்க் கேட்டுவந்து சொல்வார். பெரியப்பா வயலுக்கும் அப்படித்தான் அலைந்தார். எனக்கு வயிறு எரியும்.

கடைசி ஆறு மாதம் மூச்சுத் திணறலில் கிடந்தார். அலுத்துக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்த அண்ணிக்கும் மகளுக்கும், தூத்துக்குடி மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், அடக்கத்தன்று பந்தலும் சாப்பாடும் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. பெரியதாழைத் தோழருக்குத் தனியாக நன்றி. "இந்த வருசமாவது எழுது மக்கா" என்று தலை நரைக்கும் வரை அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துத் தந்த பெரியப்பா மகனுக்கும் நன்றி. சுவரொட்டி வந்து இறங்கியபோது பார்த்தேன். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று போட்டிருந்தது.

"இது யாரைக் கேட்டு போட்டே?"

"படிச்சாருல்லா அக்கா? ஒரு கௌரவத்துக்குப் போட்டேன். யாரு கேக்கப் போறா?"

கறுப்பு மசி வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு சுவரொட்டியிலும் அந்தப் பி.எஸ்ஸி.யை நானே பூசி அழித்தேன். அதற்குப் பிறகுதான் ஒட்டவிட்டேன். அண்ணன் உடம்பு நடுவீட்டில் கிடக்கும்போது இவளுக்கு இது தேவையா என்று நீங்கள் பேசியது என் காதிலும் விழுந்தது. தேவைதான். ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பட்டம் அன்றைக்கே அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. செத்த பிறகு அவருக்காக அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.