தொண்ணூற்று நான்கு பேர் எழுதிய மொய்

1967 தை மாதம் கல்லலில் உடையப்பன் வீட்டு விசேஷத்தில் தொண்ணூற்று நான்கு பேர் மொய் எழுதினார்கள். மொத்தம் ஆயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய். புதுமனை புகுவிழா என்று பத்திரிகை சொன்னது. உண்மையில் பழைய வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்குக் கீற்றைப் பிரித்துவிட்டு ஓடு போட்டிருந்தார், அவ்வளவுதான்.

“இனி உடையப்பன் வீட்டுல கதவு மாத்துனாலும் பத்திரிகை வரும்” என்று பந்தியில் சிரித்தார்கள். சிரித்தவர்களும் சாப்பிட்டு எழுந்து, பத்தோ பதினைந்தோ எழுதிவிட்டுத்தான் போனார்கள்.

ஓடு ஒரு சாக்கு. மூத்த மகள் நாகவல்லி பத்தாம் வகுப்புக்கு மேலும் படித்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தாள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஊசி போடவும் கட்டுக் கட்டவும் டாக்டருக்கு உதவவும் ஒன்றரை வருடம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தந்தது. கட்டணம், விடுதி, வெள்ளைச் சேலை எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு. வட்டிக்குக் கேட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றார்கள். உடையப்பன் திரும்பி வந்துவிட்டார்.

“கடன்னா வட்டி கட்டணும். மொய்க்கு ஏது வட்டி?” என்றார். விருந்துச் செலவு போக ஆயிரத்து நானூற்று இருபது மிஞ்சியது. கணக்குச் சரியாக இருந்தது.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது என்னவென்று நாகவல்லிக்கு 1969 தை மாதம் தெரிந்தது. காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சம்பளம் எண்பது ரூபாய். அந்த ஒரே மாதத்தில் பதினோரு வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம், காதுகுத்து, ஒரு சடங்கு. பத்து எழுதியவருக்குப் பதினைந்தாகத் திருப்பவேண்டும், அதுதான் மரியாதை. மொய் மேசையில் நோட்டு எழுதுகிறவர் ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிப்பார். குறைந்தால் ஊருக்கே கேட்கும். பதினோரு வீட்டுக்கும் சேர்த்து நூற்று எண்பது ஆனது. வட்டிக்காரனாவது மாதம் ஒரு தேதியில் வருவான். மொய் எப்போது திரும்பவேண்டும் என்பதை அடுத்தவர் வீட்டு முகூர்த்தம் முடிவு செய்தது. டாக்டரிடம் முன்பணம் கேட்டு வாங்கினாள். அது ஆறு மாதம் சம்பளத்தில் கழிந்தது.

டாக்டர் வீட்டு முன்னறையில் டோக்கன் எழுதிக் கொடுத்தவள் சுலைகா. எட்டாவது வரை படித்தவள்; பயிற்சி எதுவும் இல்லை; சம்பளம் அறுபத்தைந்து. கூட்டம் கலைந்த ஒரு மதியம், நாகவல்லி ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருக்கும்போது சுலைகா கணக்குப் போட்டாள்.

“ஒனக்கு எண்பது, எனக்கு அறுபத்தஞ்சு. அப்ப ஒன் சர்ட்டிபிகேட்டுக்கு மாசம் பதினஞ்சு ரூவா, வல்லி. ஆட்டுக்குட்டி வாங்கி விட்டிருந்தாக்கூட இதுக்கு மேல வந்திருக்கும்.”

“ஆடு ஊசி போடாதுல்ல” என்றாள் நாகவல்லி.

ஆனால் அந்தப் பதினைந்து மனதில் உட்கார்ந்துவிட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். ஆயிரத்து அறுநூற்று முப்பதும் பாதி கூட்டித் திரும்பவேண்டும்: இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தைந்து. சாப்பிட்டவர்கள் சாப்பிட்ட சோற்றுக்கும் இவள்தான் கட்டுகிறாள். மாதம் பதினைந்து வீதம் பதின்மூன்றரை ஆண்டு. சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள். அரசாங்க வேலைக்கு மனுப் போட்டபோது, அவளுடைய சான்றிதழ் அந்த ஆஸ்பத்திரி தானே அடித்துக் கொடுத்தது, அரசாங்கப் பதிவில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான்கு ஆண்டில் அவள் சம்பளம் நூற்றுப் பத்தானது. சுலைகாவுக்குத் தொண்ணூற்றைந்து. பதினைந்து பதினைந்தாகவே இருந்தது.

1973 ஆனியில் தங்கை அழகி பள்ளி இறுதித் தேர்வில் தேறினாள். அவளுக்கும் அதே மதுரை, அதே வெள்ளைச் சேலை வேண்டும். கட்டணம் இப்போது இரண்டாயிரத்து இருநூறு. நாகவல்லிக்கு இருபத்து நான்கு வயது. நாச்சியாபுரத்தில் கருத்தையா என்ற பஸ் கண்டக்டரைப் பேசி முடித்திருந்தார்கள், ஆவணியில் கல்யாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது உடையப்பன் தன் திட்டத்தைச் சொன்னார்.

“ஒன் கல்யாண மொய்ய அழகி படிப்புக்குக் கட்டிருவோம் ஆத்தா. ஒரே பந்தல்ல ரெண்டு காரியம்.”

நாகவல்லி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “தொண்ணூத்தி நாலுல எத்தன பேருக்குத் திருப்பியிருக்கோம்னு தெரியுமா அய்யா?”

“திருப்பிக்கிட்டுத்தான இருக்கோம்.”

“அறுவத்தி ஒண்ணு. மிச்சம் முப்பத்தி மூணு பேரு வருவாக, சாப்பிடுவாக, எழுத மாட்டாக. ஏற்கெனவே எழுதுனதே அவுகளுக்கு வரல. மத்தவுக எழுதுறது புதுக் கடன். அத யாரு திருப்புறது? நாச்சியாபுரத்துலருந்து நான் அனுப்பவா?”

“படிச்சதாலதான இன்னைக்குச் சம்பளம் வாங்குற?”

“படிக்காத சுலைகாவும் வாங்குறாய்யா. எனக்குப் பதினஞ்சு ரூவா கூட. அவ்வளவுதேன்.”

அழகி தட்டைத் தள்ளினாள். “நீ மட்டும் வெள்ளச் சேல கட்டிக்கிட்டு ரயில்ல போவ. நான் கடலக்காட்டுல களை வெட்டணுமாக்கும்.”

“வெட்டச் சொன்னேனா? கவர்மெண்டுல பிரசவம் பாக்குற நர்சம்மா படிப்பு இருக்கு. படிக்கிறப்பயே மாசாமாசம் பணம் குடுக்குறாக. எங்க டாக்டர்கிட்ட வந்த நர்சம்மா சொன்னாக. வருசத்துக்கு ஒருக்கத்தான் ஆள் எடுக்குறாக. தையில மனுப் போடலாம்.”

“எடுக்கலேன்னா?”

“எடுக்கலேன்னா இல்ல. மறுபடி போடு.”

அழகி அழுதாள். உடையப்பன் கை கழுவப் போய்த் திரும்பி வர நேரமாயிற்று. நாகவல்லி இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நாலரை ஆண்டாக மொய்க்காக வீட்டில் வாதாடி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. பிறகு சொன்னாள்.

“என் கல்யாணத்துல மொய் மேச போடக்கூடாதுய்யா. குன்னக்குடிக் கோயில்ல வச்சு முப்பது பேரோட முடிச்சிருவோம்.”

“மொய் வாங்காம கல்யாணமா? ஆளில்லாத வீடா இது?” அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “நாம எழுதுன எடமும் இருக்கு வல்லி. அவுக திருப்ப வருவாக. வேணாம்னா மொகத்துல அடிச்ச மாதிரி.”

“அவுகளுக்கு அழகி கல்யாணம் இருக்குல்ல. அப்ப எழுதட்டும்.”

உடையப்பன் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், பத்திரிகை அடிக்கவேண்டாம், வாயால் அழைத்துக்கொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனார். ஊரில் பேசினார்கள். ஓடு போட்டதற்குப் பந்தல் போட்டவன் பெண்ணுக்குப் போடவில்லை என்றார்கள்.

ஆவணியில் குன்றக்குடியில் கல்யாணம் நடந்தது. பத்து நாள் கழித்து நாகவல்லி காரைக்குடி வேலைக்குத் திரும்பினாள், இம்முறை நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில். மிச்சம் முப்பத்து மூன்றும் தன் சம்பளத்திலிருந்தே திரும்பும் என்று கருத்தையாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர், “நம்ம வீட்டுலயும் அதே கததேன்” என்றார்.

தை மாதம் அழகி மனுப் போட்டாள். அந்த ஆண்டுப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. சுலைகா கல்யாணமாகிப் போனதால் டோக்கன் எழுதும் வேலை காலியானது. அழகி அதில் சேர்ந்து, அடுத்த தையிலும் மனுப் போட்டாள்.