பெரியப்பா மகன் மாட்டிய வயர்

என் பெரியப்பா மகனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டும் முன்பே வீட்டைக் கணினியில் வரைந்து, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி காட்டுவது என் தொழில். காரைக்குடியில் இருந்துகொண்டே செய்கிறேன். கொத்தமங்கலத்தில் இருக்கும் எங்கள் பங்காளிகளின் பொது வீட்டையும் அப்படி வரைந்தேன். அந்த வீட்டின் தேக்குத் தூண்களைக் கழற்றி விற்றுவிடலாம் என்று பெரியப்பா மகன் எல்லோரையும் கரைத்துக்கொண்டிருந்தார். விற்க வேண்டாம், பழுது பார்த்து விருந்தினர் தங்கும் வீடாக நடத்தலாம் என்பது என் கட்சி. முன்னோருக்குப் படையலிட்டு விருந்து வைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் அந்த வீட்டில் கூடுவார்கள். அன்றைக்குக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிடலாம் என்று கணினியையும், அதற்காகவே வாங்கிய பெரிய ஃபோர்கே மானிட்டரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பெட்டியைப் பிரிக்கும்போதே பெரியப்பா மகன் வந்துவிட்டார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை அவருக்கு.

"நீ அங்குட்டுப் போயி பந்தியைக் கவனி. இதெல்லாம் நான் மாட்டிக்கிறேன்."

மூத்தவர் சொன்னால் போகத்தானே வேண்டும். பாயசம் ஊற்றப் போனேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் வீட்டுக்குள் நுழைந்தேன். முற்றத்தில் திரும்பினால் படம் வெட்டி வெட்டி இழுத்தது. தூண்கள் தத்தித் தத்தி நகர்ந்தன. ஒரு அத்தை கண்ணை மூடிக்கொண்டார். என் அறையில் வழுக்கிக்கொண்டு ஓடியது இங்கே ஏன் இப்படி என்று புரியாமல் எனக்கு வியர்த்தது.

"தலை சுத்துதுப்பா," என்றார் பெரியப்பா மகன். "கம்ப்யூட்டர்லயே நடக்க முடியல. இந்த வீட்டுல எவன் வந்து தங்குவான்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு முடிவும் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் தூண்களை அளக்க வியாபாரி வருவதாகச் சொன்னார். முன்பே சொல்லிவைத்திருந்திருக்கிறார்.

விடிந்ததும் முதல் வேலையாக மானிட்டர் செட்டிங்கைத் திறந்தேன். நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை படத்தைப் புதுப்பிக்க வேண்டிய மானிட்டர், முப்பது முறைதான் புதுப்பித்துக்கொண்டிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். மானிட்டரோடு வந்த வயரைக் காணோம். கூடத்து டிவியில் எத்தனையோ வருஷமாகத் தொங்கிய பழைய வயரைப் பிடுங்கி கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருந்தார் மனிதர். அந்த வயருக்கு அவ்வளவுதான் சக்தி.

புது வயர் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மாடி அறைக்குப் போய்விடும். காகிதம் பிரிக்காத பீங்கான் தட்டுகள் அங்கே என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்து இருக்கின்றன. சென்னையில் எத்தனை வருஷம் இருந்தால் என்ன, அவரும் இந்த வீட்டுப் பிள்ளைதானே.

சத்தமில்லாமல் மாடி அறைச் சாவியை எடுத்துப் போய் வயரை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. எல்லோரும் காப்பிக்கு வரட்டும், வியாபாரியும் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தார்கள். வியாபாரி டேப்பை நீட்டி முதல் தூணைக் கட்டிப்பிடித்தபோது, நான் குரலை உயர்த்திக் கேட்டேன்.

"அண்ணே, மானிட்டரோட வந்த வயரு எங்க?"

"மாடியில பத்திரமா இருக்கு. பழசு நல்லா இருக்கையில புதுசை எதுக்குப் பிரிக்கிற?"

"சும்மா ஒரு தடவை. நீங்களே மாட்டுங்க. எனக்குத்தான் தெரியாதே."

மாடியேறி எடுத்து வந்து மாட்டினார். செட்டிங்கைத் திறந்து, "பழைய வயருல இங்க முப்பதுன்னு இருந்துச்சு. இப்ப என்னென்ன இருக்கு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்கண்ணே," என்றேன். வாசித்துக்கொண்டே வந்து நூற்று நாற்பத்து நான்கில் அவர் குரல் இறங்கியது. அதையே தேர்ந்தெடுத்து மறுபடி வீட்டுக்குள் நுழைந்தேன். தரையில் எண்ணெய் தடவியது போல முற்றம் திரும்பியது. கண்ணை மூடிய அத்தை எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து ஏன் இழுத்துச்சு?" என்று கேட்டார் சித்தப்பா. பெரியப்பாவும் அப்பாவும் போனபிறகு பங்காளிகளில் அவர்தான் மூத்தவர், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

பூசி மெழுகியிருக்கலாம். "அண்ணன் தப்பு வயரை மாட்டிட்டாக," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வயரை ஒழுங்கா மாட்டத் தெரியல. நீ தூணைக் கழட்டப் போறியாக்கும்?"

வியாபாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா மகனும் காலைப் பலகாரம்கூடச் சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். பாவம் என்றாள் என் மனைவி. நான் அவர் இலையில் உட்கார்ந்து இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னேன்.