கேட்டுப் பார்க்க நூறு ரூபாய்

“…ருசி பாக்கதுக்கு நான் துட்டு வாங்குதேனாலே? இலையில கிள்ளி வச்சு நீட்டுதேன். பிடிச்சா வாங்குதான், இல்லன்னா கையத் தொடச்சிட்டுப் போறான். நீ என்னடான்னா காதுக்குக் கட்டணம் போடுத.”

சொன்னவர் பெரியப்பா. டவுணில் அல்வாக் கடை அவருக்கு. அதன் மாடியில் சித்தப்பா உயர்ந்த ரக ஸ்பீக்கர்கள் விற்றார். அம்பாசமுத்திரத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள், மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்பார்கள், படியிறங்கும்போதே போனில் குறைந்த விலைக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சித்தப்பா ஒரு பலகை மாட்டினார்: ‘கேட்டுப் பார்க்க நூறு ரூபாய். வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும்.’

தெருவே சிரித்தது. அல்வா வாங்க வந்தவர்கள் ருசி பார்த்த இலையைக் காட்டி, “இதுக்கும் நூறா அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். பத்து நாளாக மாடிக்கு ஒரு ஆள் ஏறவில்லை. பலகையைக் கழற்று, இல்லையென்றால் மாடியைக் காலி செய் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். காலி செய்தால் சித்தப்பா சென்னைக்குப் போய் யார் கடையிலோ நிற்க வேண்டியதுதான். ஒரே ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று அவர் கெஞ்ச, மறுநாள் மதியம் என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு பெரியப்பா மாடியேறினார். அவர் கைபட்ட இடமெல்லாம் ஈரச் சாம்பல்.

சித்தப்பா ஜன்னலைச் சாத்தினார், ஃபேனையும் நிறுத்தினார். வேர்த்துக் கொட்டியது. பாட்டு வரும் என்று நான் காத்திருக்க, வந்ததோ கீழ்க்கடைச் சட்டிச் சத்தம். கோதுமைப் பால் கொதிக்கிற களக் களக், துடுப்பு அடியைச் சுரண்டுகிற சரசரப்பு. சித்தப்பா முந்தின வாரம் யாருக்கும் தெரியாமல் பதிந்துவைத்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா சட்டென்று எழுந்தார்.

“ஏலே, அடி பிடிக்குது. தீயக் குறைங்கலே” என்று கத்திக்கொண்டே, செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினார்.

தெருவே கூடிவிட்டது. மேலே ஓடினது வெறும் ஸ்பீக்கர், நிஜச் சட்டி என்று நினைத்து ஏமாந்துவிட்டேன் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் தலையிலடித்துச் சொன்னார் அவர். சாயங்காலம் மாடிப்படி முழுக்க ஆள். ஆளுக்கொரு நூறு ரூபாயோடு. பலகையை யாரும் தொடவில்லை. சித்தப்பா ஜெயித்துவிட்டார், பெரியப்பா தோற்றுவிட்டார் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மாடியேறுமுன் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்ததே பெரியப்பாதான் என்பது, அந்தச் சாம்பலைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் மறுபடி ஏறி வந்தார். இலைத்துண்டில் அல்வாவைக் கிள்ளிவைத்துத் தம்பியிடம் நீட்டிவிட்டு, மறு கையால் நூறு ரூபாயை மேசையில் வைத்தார்.