கட்டிலுக்குக் கீழே இருந்த சட்டி

கிளிநொச்சிப் பக்கத்துச் சிவலட்சுமிக்கு அமெரிக்காவில் ஒரு மண்ணும் பிடிக்கவில்லை. அதிலும் மகன் சஜீவன் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய அந்தச் சின்ன அருங்காட்சியகத்தை நினைத்தால், ஊருக்குத் திரும்பிய பிறகும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

யாரோ பழைய அமெரிக்கப் பணக்காரனின் வீடாம் அது. சுவர் முழுக்கச் செத்துப்போனவர்களின் ஓவியங்கள். வெள்ளிக் கரண்டிகள், சித்திர வேலை செய்த கதிரைகள். எதையும் தொடக்கூடாது, உட்காரவும் கூடாது.

"இருக்கேலாத கதிரையை என்னத்துக்கடா வச்சிருக்கிறாங்கள்?" என்று புறுபுறுத்துக்கொண்டு வந்தவள், படுக்கையறைக்குள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலுக்குக் கீழே ரோசாப்பூப் போட்ட பீங்கான் சட்டி, மூடியும் கைப்பிடியுமாக.

"டேய், நீ ஊருக்கு அனுப்பின சட்டியும் இதே மாதிரியெல்லோ?"

சஜீவன் பக்கத்திலிருந்த குறிப்பை வாசித்தான். முகம் கறுத்துப்போயிற்று.

"அம்மா, இரவில எழும்பி வெளிய போகப் பஞ்சியில இதுக்குள்ளதான் ஒண்டுக்கு இருக்கிறவையாம். பழைய சாமான் கடையில வடிவா இருக்கெண்டு வாங்கினனான். சத்தியமா எனக்குத் தெரியாது."

சிவலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சட்டி இப்போது ஊர்ப் பிள்ளையார் கோயிலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பஞ்சாமிர்தம் அதற்குள்தான். அவளும் எத்தனை வெள்ளி நக்கி நக்கித் தின்றிருக்கிறாள், கருமம்.

அவளுடைய ஆட்கள் இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசியைக்கூடக் கோயில் மடப்பள்ளி எடுத்ததில்லை. கோயில் தலைவர் கதிர்காமநாதன் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாட்டுச் சொல்லுவார். அமெரிக்கச் சட்டி என்றதும் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்குத்தான் அவள் அந்தக் கோயிலில் தலைநிமிர்ந்து நின்றாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்த மரியாதை போய்விடும். இதுகளின் புத்தி இதுதான் என்று ஊரே காறித் துப்பும். சொல்லாவிட்டால் பிள்ளையாருக்கு மூத்திரச் சட்டியில் படையல்.

ஊருக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை, வருவது வரட்டுமென்று கதிர்காமநாதனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இண்டைக்கே எடுத்துக்கொண்டு போறன். வீட்டில நல்ல பித்தளைப் பாத்திரம் ஒண்டு கிடக்கு, அதைக் கொண்டுவந்து தாறன்."

அவர் முகம் சுழிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வெள்ளைக்காரன் பாவிச்சதுதானே, கழுவினால் சரி. உன்ர பித்தளை வேண்டாம். உங்கட ஆக்கள் புழங்கின பாத்திரத்தை உள்ளுக்கு எடுத்தால் சனம் என்ன கதைக்கும்?"

அருங்காட்சியகத்தில் வந்த குமட்டல் ஒரு குமட்டலே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த வெள்ளை வேட்டியையும் திருநீற்றையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

அவரை விலக்கிக்கொண்டு மடப்பள்ளிக்குள் நுழைந்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பஞ்சாமிர்தத்துக்குக் கையை நீட்டியபடி நின்ற சனத்துக்கு அது என்ன சட்டி என்று சொன்னாள். கதிர்காமநாதன் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.