எக்ஸ்ரே அக்காவின் குளம்

பக்கத்து வீட்டுக் குளத்தில் கொசு ஒழிய எண்ணெய் ஊற்றச் சொல்லி மனு எழுதிப் போட்டவள் நான்தான். என் மகள் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தாள். பிழைப்பாளா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகப் பிழைத்து வீடு திரும்பினாள். கொசு கடித்து வந்த காய்ச்சல் என்றார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம் வேறு எது? எக்ஸ்ரே அக்காவின் குளம்தான்.

அக்காவுக்கு அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் இல்லாத அறை. "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடலாம்" என்று தினமும் எண்பது பேரிடம் சொல்லிச் சொல்லி, சும்மா பேசினாலும் அந்தக் குரல்தான் வரும். லீவு நாளில் வெயிலில் கிடந்தாக வேண்டும் அவருக்கு. கொல்லையில் தானே மண்வெட்டி பிடித்துத் தோண்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டார். தட்டான்கள் வந்தன. தன் அண்ணன் வேண்டாமென்று போட்ட கேமராவை வாங்கி அவற்றைப் படமெடுக்க ஆரம்பித்தார். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் நானூறு தட்டான் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். வந்தவர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவார்கள்.

என் மனுவின்பேரில் நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. எட்டுக்கே போய் வேலியோரம் நின்றுகொண்டேன். அக்கா ஈர மண்ணில் குப்புறப் படுத்திருந்தார். கேமரா ஒரு செங்கல்மேல் இருந்தது.

"மெதுவா வா. அங்க பாரு."

கோரைத் தண்டில் அழுக்கு நிறத்தில் ஒரு பூச்சி. அதன் முதுகு பிளந்திருந்தது. உள்ளேயிருந்து இன்னொரு உடம்பு பாதி வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது.

"தட்டான் குஞ்சு. இத்தனை நாளா தண்ணிக்குள்ள இருந்துச்சு. ரெண்டு வருஷமா காத்திட்டிருக்கேன். இது மொதல்ல பறக்கிறதை மட்டும் எடுத்துட்டா போதும்."

"எப்போ பறக்கும்?"

"றெக்கை காயணும். ஒன்பதரை ஆகும். அதுக்குள்ள தண்ணியில விழுந்தா செத்துடும்."

"ஒன்பதுக்கு எண்ணெய் ஊத்த வர்றாங்கக்கா." வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"தெரியும். நோட்டீஸோட உன் மனுவையும் வெச்சு அனுப்பியிருந்தாங்க."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கேமராவிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை பட்ட பாட்டை நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

பூச்சி ஒரு எம்பு எம்பியது. பழைய தோலைக் காலால் பற்றி வாலையும் உருவிக்கொண்டது. கசங்கிய றெக்கைகள் இஸ்திரி போட்ட துணியாக விரிந்தன. சண்டைக்கு வந்த நான் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கேட் கிறீச்சிட்டது. ஆய்வாளரும், முதுகில் எண்ணெய் டப்பா சுமந்த ஓர் ஆளும் வந்தார்கள். அந்த ஆள் குழாயை நீட்டிக்கொண்டு நேராகத் தண்டுப் பக்கம் காலைத் தூக்கி வைக்கப் போனார்.

"அசையாதீங்க! மூச்சை இழுத்துப் பிடிங்க!"

ஆஸ்பத்திரிக் குரல். மூன்று பேரும் அப்படியே நின்றோம். ஆய்வாளரின் கன்னம் உப்பிவிட்டது. "விடலாம்" என்று சொல்ல அக்கா மறந்துபோனார்.

"சார், கால் வலிக்குது" என்றார் ஒற்றைக் காலில் நின்ற டப்பாக்காரர்.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, அவரைப் பின்னால் போகச் சொன்னார். நீளக் கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டியால் மறுகரையில் தண்ணீரை மொண்டு பார்த்தார். ஐந்து இடத்தில் மொண்டார்.

"ஒரு கொசுப்புழுகூட இல்லையே!"

"இதோட குஞ்சுங்க தின்னாம விட்டுவெச்சாத்தானே சார்" என்றார் அக்கா, திரும்பாமலே.

ஆய்வாளர் என்னிடம் வந்தார். "மனு குடுத்தவங்க வீட்டையும் பாக்கணும். அது எங்க வழக்கம்."

"தாராளமா பாருங்க" என்றேன். என் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம்.

மாடியில் ஒன்றுமில்லை. வாளியிலும் பூந்தொட்டியிலும் இல்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நடந்தேன். கடைசியாக ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தார். அதன் பின்புறம், அடியில், தண்ணீர் சொட்டி நிறைகிற ஒரு தட்டு. நான்கு வருஷமாக அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டார்ச் அடித்தார். நறுக்கிப்போட்ட நூல்போல நூற்றுக்கணக்கில் கொசுப்புழுக்கள் துள்ளின. அங்கிருந்து நாலடி தள்ளி என் மகளின் கட்டில்.

நான் போட்ட அலறலில் அக்கா ஓடி வந்தார். தட்டைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"நான்தான்க்கா... என் பிள்ளையை நானே..." மூச்சு விடவும் மறந்து தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சேற்றுக் கையோடு என் தோள்களைப் பிடித்தார். "என்னைப் பாரு. மூச்சை இழு. ம், இப்போ விடு."

விட்டேன். அப்புறம்தான் அழுகை வந்தது. ஆய்வாளர் சத்தமில்லாமல் தட்டை எடுத்துப்போய்க் கொட்டினார்.

அழுது ஓய்ந்தபோதுதான் அக்காவின் கையில் கேமரா இல்லாததைக் கவனித்தேன்.

"அக்கா, தட்டான்!"

ஓடினோம். செங்கல்மேல் கேமரா அப்படியே இருந்தது. தண்டில் வெறும் தோல் ஒட்டியிருந்தது. அக்கா குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, அந்தத் தோலை ஒரே ஒரு படம் எடுத்தார்.

அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தட்டான் பறந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.