சொராய்தா வாங்கி மாட்டிய கம்பளிக் கோட்டு

சொராய்தா யாரிடமும் கால் அளவு கேட்க மாட்டாள். வாசலில் வண்டியை விட்டு இறங்கும் ஆளின் செருப்பை ஒரு பார்வை பார்ப்பாள், உள்ளே போவாள், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொண்டு வந்து முன்னால் வைப்பாள். காலை விட்டால் கச்சிதமாக இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கணக்குத் தப்பி நான் பார்த்தது இரண்டே தடவை. அதிலும் ஒரு ஆளுக்கு வலது காலில் மூன்று விரல் இல்லை.

மால்தொனாதோ ஊரில் எங்கள் விடுதிக்கு இருப்பது ஒரு தகரக் கொட்டகை மட்டும்தான். விடுதி தம்போபாதா ஆற்றில் மூன்று மணி நேரம் மேலே, காட்டுக்குள் இருக்கிறது. விமானத்தில் வருகிறவர்கள் முதலில் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். பெரிய பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு, ஆளுக்குப் பத்து கிலோ, ஒரு துணிப்பை, அதோடு படகேற வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்வது சொராய்தாவின் வேலை. சொல்வது என்ன, அவளே பெட்டியைத் திறந்து எடுத்து வெளியில் போடுவாள். மந்திரியின் பெட்டியாக இருந்தாலும் சரி.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மூன்று நாள் காயாது. கறுப்புச் சட்டை வேண்டாம், கொசுவுக்கு அது விருந்து. காலுறை நாள் கணக்குக்கு இரண்டு மடங்கு. கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அந்தப் பைக்கு இன்னொரு பை. டார்ச் லைட்டை இங்கேயே ஒரு தரம் எரியவிட்டுக் காட்டு. வாசனை சென்ட்டை இப்படிக் கொடு. இதையெல்லாம் சொல்லி முடித்து, வெளியில் எடுத்துப் போட்ட குவியலைக் காட்டி ஒரு வசனம் பேசுவாள்.

"நீங்க கொண்டு வந்ததுல பாதிதான் துணி. மீதி பாதி பயம். அத என்கிட்ட விட்டுட்டுப் போங்க, பத்திரமா வச்சிருக்கேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கிற நேரத்தில், விட்டுப்போகிற சட்டைகளின் பைகளை எல்லாம் தடவிப் பார்த்து, சாவி, மூக்குக்கண்ணாடி, மாத்திரை எது இருந்தாலும் எடுத்து அவர்கள் கையில் திணித்துவிடுவாள். அதுதான் அவளுடைய உண்மையான வேலை. சிரிப்பு சும்மா மேலுக்கு.

நான் அந்தப் படகை ஓட்டுகிறவன். அர்னுல்ஃபோ என்று பெயர். என் மகள் லிஸ்பெத்துக்கு சொராய்தாதான் ஞானத்தாய். கோயிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற நாளிலிருந்து அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொம்பாத்ரே. எங்கள் பக்கத்தில் இந்த உறவு கூடப்பிறந்ததைவிட ஒரு பிடி கூடுதல். திட்டிக்கொள்ளலாம், மாதக்கணக்கில் பேசாமல்கூட இருக்கலாம், ஆனால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது. சொராய்தாவுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிள்ளை என்று இருந்தது லிஸ்பெத்துதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கான பேரைக் காட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பிய சொராய்தா அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த விடுதியைக் கண்ணால் பார்த்ததில்லை. நிர்வாகம் அவளை ஒரு நாளும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு அது தோன்றவும் இல்லை. வருஷத்துக்கு ஓரிரு தடவை அவளே விளையாட்டுப்போல என்னிடம் கேட்பாள். நானும் விளையாட்டுப்போல, படகில் இடமில்லை கொமாத்ரே என்பேன்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஜூன் இருபத்து மூன்றாம் தேதி. மறுநாள் சான் ஹுவான் திருநாள். தெற்கிலிருந்து வரும் காற்று சுகமானது என்று நினைக்கிறவர்கள் அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். காலையில் உடம்பு வேர்த்து ஒழுகும்; மத்தியானம் தெற்கே வானம் சாம்பல் பூசும்; சாயங்காலம் கோழிகள் விறைத்துப்போய் நிற்கும். அந்தக் குளிர் ஜூனில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் சான் ஹுவானை ஒட்டி வரும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

அன்று ஒன்பது பேர். அதில் ஒருவர் இப்போலித்தோ, எழுபத்து மூன்று வயது, மலைமேல் இருக்கும் பூனோ ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நோர்மா அழைத்து வந்திருந்தாள். அந்த வெயிலிலும் மனுஷர் கனமான கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. நெற்றியில் வேர்வை வழிகிறது, பொத்தான் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார்.

நான் அவசரத்தில் இருந்தேன். கோட்டு, ஜாக்கெட் எல்லாவற்றையும் இங்கேயே விடச்சொல்லுங்கள் என்று சொராய்தாவிடம் சொன்னேன். அவள் என்னைத் தனியாக அழைத்தாள்.

"நாளைக்கு சான் ஹுவான், கொம்பாத்ரே. காத்து திரும்பினாலும் திரும்பும். கோட்டு இருந்துட்டுப் போகட்டுமே."

"வானத்தப் பாருங்க, ஒரு மேகம் இருக்கா? ஆத்துல தண்ணி முழங்காலுக்குத்தான் கெடக்கு. மணல்ல தட்டுனா எறங்கித் தள்ளப்போறது நானா, நீங்களா?"

ஆற்றில் தண்ணீர் குறைவு என்பது நிஜம். ஆனால் படகின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நாலு பெட்டி பீர் இருந்தது. விடுதிக்குப் போகிற வழியில் என் மச்சான் ஊர். அவன் வீட்டுத் திருநாளுக்கு நான் ஏற்றியது. ஒன்பது கோட்டையும் ஒன்றாகக் கட்டினாலும் அதில் ஒரு பெட்டி கனம் வராது. தண்ணீர் வெறும் சாக்கு. சீக்கிரம் கிளம்பி, மச்சான் வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

சொராய்தா தார்ப்பாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் கோட்டுகளை வாங்க ஆரம்பித்தாள். கிழவர் தயங்கினார். அவள் தன் வழக்கமான வசனத்தைச் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். நான் மோட்டார் கயிற்றை இழுத்து உறுமவிட்டு, வாங்க வாங்க என்று கத்தினேன். ஒன்பது கோட்டையும் அவள் அப்படியே ஆணியில் மாட்டினாள். அன்று ஒருநாள்தான் அவள் பைகளைத் தடவிப் பார்க்கவில்லை. கத்தினது நான்.

மறுநாள் காலை ஊரே ஆற்று மணலில் இருந்தது. சொராய்தா மஞ்சள் திருநாள் கவுன் போட்டுக்கொண்டு, ஹுவானே கொண்டு வந்திருந்தாள். இலையில் பொதிந்து அவித்த கோழிச்சோறு அது. லிஸ்பெத்துக்கு இலையைப் பிரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி முகத்தைத் தூக்கினாள். காற்று திரும்பிவிட்டது. அரை மணி நேரத்தில் எல்லோரும் கடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

நாங்களும் சாமான்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் கொட்டகைக் காவலாள் ஓடி வந்தான். விடுதியிலிருந்து ரேடியோவில் பேசினார்களாம். கிழவருக்கு ஆஸ்துமா. விடியற்காலையிலிருந்து மூச்சு இழுக்கிறது. இன்ஹேலர் கோட்டின் உள்பையில் இருக்கிறது. மற்றவர் அதைத் துணிப்பையில் எடுத்து வைத்துவிட்டதாக அவரும் மகளும் நினைத்திருக்கிறார்கள். விடுதியில் நிற்கும் இன்னொரு படகின் மோட்டார் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. அப்படியே படகு இருந்தாலும், அந்த மழைக்காற்றில் மூன்று மணி நேரம் அவரை உட்கார வைத்துக் கொண்டு வந்தால் உயிரோடு வந்து சேர மாட்டார்.

சொராய்தா கையிலிருந்ததை அப்படியே போட்டாள். கொட்டகைக்கு ஓடி, இன்ஹேலரை எடுத்து, ஒன்பது கோட்டையும் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தாள். கவுனும் செருப்புமாகப் படகில் காலை வைத்தாள். நீங்கள் வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"இன்னைக்கும் எடமில்லையா, கொம்பாத்ரே?"

நான் கயிற்றை அவிழ்த்தேன்.

மழை முகத்தில் அறைந்தது. கை விறைத்து மோட்டார் பிடி பிடிபடவில்லை. அவள் இன்ஹேலரை கவுனுக்குள் நெஞ்சோடு போட்டு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அவர்களிடம் கழற்றி வாங்கியதைத் தான் எப்படிப் போட்டுக்கொள்வது என்றாள். பாதி வழியில் படகு மணலில் ஏறி நின்றது. மோட்டாரை விட்டு நான் நகர முடியாது. இறங்கி, தொடை வரை தண்ணீரில் நின்று தள்ளினவள் சொராய்தாதான்.

விடுதிச் சமையலறை அடுப்புப் பக்கத்தில் கிழவரை உட்கார வைத்திருந்தார்கள். நாலு போர்வை. உதடு நீலம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கியது. மகள் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்திருந்தாள். சொராய்தா மண்டியிட்டு இன்ஹேலரை நீட்டினாள். நோர்மாதான் பிடுங்கி அவர் வாயில் வைத்தாள். ஒன்று. இரண்டு. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. கால் மணி நேரம் போனது. பிறகு தோள் மெல்ல இறங்கியது.

கண்ணைத் திறந்த கிழவர் முதலில் பார்த்தது சொட்டச் சொட்ட நின்ற மஞ்சள் கவுனை. கோட்டை அவளுக்குப் போடச் சொல்லி மகளுக்குச் சைகை காட்டினார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. பாதி பயம்தான். ஆனா என் மூச்சு அந்தப் பயத்தோட பையிலதான் இருந்துச்சு."

அவர் குத்திக்காட்டவில்லை. சிரிக்கத்தான் முயன்றார். சொராய்தா அந்தக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். விடுதி ஆள் ஒருவன் அவளுக்கு உலர்ந்த பூட்ஸ் கொண்டு வந்து கொடுத்தான். இரண்டு அளவு பெரிது. அதைப் பார்த்து, அழுகைக்கு நடுவில், இங்கே அளவு பார்க்க ஆளில்லைபோல என்றாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக விடுதிக்கு வந்தவள் பார்த்தது அந்த அடுப்பை மட்டும்தான்.

நோர்மா புகார் எழுதிக் கொடுத்தாள். அது நியாயம். நிர்வாகி எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். கோட்டை விட்டுப்போகச் சொன்னது யார்? பையைப் பார்க்காதது ஏன்? சொராய்தா, நான்தான், என் தப்புதான் என்றாள். படகோட்டி ஏதாவது சொன்னாரா, அவசரப்படுத்தினாரா என்று அவரே கேட்டார். எனக்கு வாசல் திறந்துதான் இருந்தது.

"அவர் வேல படகு ஓட்டுறது, ஐயா. பை என் வேல."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அவள் எடுத்துக் கொடுத்த பூட்ஸ். அன்று மத்தியானமே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும், உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும், லிஸ்பெத் படிப்பை முடிக்க வேண்டும் என்றாள். எனக்குள் அப்பாடா என்று இருந்தது. கோட்டைக் கழற்ற வைத்ததைக்கூட மறந்துவிடலாம். அந்த அப்பாடாவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது சொராய்தா படகுத்துறைப் படியில் ஹுவானே விற்கிறாள். அன்று பிடித்த இருமல் ஒவ்வொரு ஜூனிலும் திரும்ப வருகிறது. விருந்தாளிகள் படியிறங்கும்போது, தெரியாதவர்களைக்கூட நிறுத்தி, பையெல்லாம் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்கிறாள். பைத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். என்னிடம் பீர்ப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் ஹுவானே இன்றும் எனக்குத்தான் எடுத்து வைக்கிறாள். நானும் தின்கிறேன்.

போன மாதம் கொட்டகை வேலைக்கு லிஸ்பெத்தை எடுத்தார்கள். சாயங்காலங்களில் ஞானத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் கற்றுக்கொண்டிருக்கிறாள். பூட்ஸுக்கு முன்னால், எது இல்லாவிட்டால் உங்களுக்கு உயிர் போகும், முதலில் அதைக் காட்டுங்கள் என்று கேட்கிறாள். ஒவ்வொரு கோட்டின் பையையும் தலைகீழாக உதறுகிறாள்.

நேற்று எல்லோரையும் படகில் ஏற்றிவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"இவ்ளோ கவனமான ஆளு, அன்னைக்கு மட்டும் எப்படிப்பா பையப் பாக்காம விட்டாங்க?"

படியில் உட்கார்ந்திருந்த சொராய்தா காதில் அது விழுந்தது. இலை மடித்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. நான் குனிந்து மோட்டார் கயிற்றை இழுத்தேன். பத்து இழுப்பு வாங்கும் அந்தப் பழைய மோட்டார், அன்றைக்கென்று பார்த்து முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது.