காலியாகத் தெரிந்த ஐந்து குப்பிகள்: ஒரகடத்துக்கு ஒரு பெப்டைடு பயணம்

கூரியரை நம்பிக் கெட்டவள் நான். முன்பு வரவழைத்த பெப்டைடு, அதாவது புரதத்தின் குட்டித் துண்டு, ஒரு வார இறுதி முழுக்கக் கிடங்கில் வெந்துபோய் வந்து சேர்ந்தது. அதை வைத்துச் செய்த சோதனையும் படுத்துவிட்டது. தோள் தசைநார் செல்கள் இதனால் வளருமா என்று நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இன்னொரு தடவை சொதப்பினா தலைப்பையே மாத்திடலாம்மா" என்று என் ஆய்வு வழிகாட்டி சொல்லிவிட்டார். அதனால் மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 7.10க்குப் பேருந்து. மகளிருக்குக் கட்டணமில்லாத வண்டி, ஆகவே செலவு பூஜ்யம். ஒரகடம் சுமார் 26 கிலோமீட்டர். படப்பை தாண்டியதும் ஷிப்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கழுத்திலிருந்த அடையாள அட்டைகள் மட்டும் விழித்துக்கொண்டு ஆடின. வெளியே ஏரி, உடனே ஒரு நீளச் சுற்றுச்சுவர், மறுபடியும் ஏரி. வெள்ளை உறை போர்த்திய புதுக் கார்கள் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. எனக்கும் கண் சொக்கியது. எதற்காகப் போகிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது, சுகமாக இருந்தது. 8.25க்கு ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினேன்.

அங்கிருந்து வல்லம் சாலையில் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். பெப்டைடு தயாரிக்கும் யூனிட் சின்னதுதான். துறைத்தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதத்தை நீட்டினேன்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கோ விலங்குக்கோ செலுத்த மாட்டோம். இது இல்லாமல் போனால் உங்களுக்கு டீ கூடக் கிடைக்காது. பத்து மணிக்கு ஐந்து குப்பிகள் என் பெட்டிக்குள், ஐஸ் பேக்குகளுக்கு நடுவே படுத்திருந்தன. ஐஸ் மூன்று மணி நேரம் தாங்கும்.

கேட்டில் மாட்டிக்கொண்டேன். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு திருகாணி வெளியே போனாலும் கேட் பாஸோடு ஒத்துப்போக வேண்டும். செக்யூரிட்டி தேவராஜ் அண்ணன் ஒரு குப்பியை எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், பாட்டில் காலியா கீது?"

"காலி இல்லண்ணா. பவுடர் இருக்கு."

"எங்க கீது? காலி பாட்டில் வெளிய போவ வேற பாஸ் வேணும். மூடியத் தொறந்து காட்டுங்க."

"ஐயோ, தொறந்துடாதீங்க!" கத்தியேவிட்டேன். திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே ஏறும், என் கடைசி வாய்ப்பும் அதோடு தொலையும். குப்பிக்கு இரண்டே மில்லிகிராம்; உலர்த்தும்போது அது கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். துப்பட்டாவால் வெளி ஈரத்தைத் துடைத்து, குப்பியை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். கண்ணாடியில் விட்ட மூச்சு போல அடியில் ஒரு மங்கல். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். லாரிகளின் ஹார்ன் எங்கோ தொலைவில் கேட்டது.

அவர் நம்பிவிட்டார், ஆனால் பாஸில் 'பாட்டில் – 5' என்று மட்டும்தான் இருந்தது. திருத்தவேண்டிய ஸ்டோர்ஸ்காரர் டீக்குப் போயிருந்தார். நீங்கள் போனால் 'பெப்டைடு தூள், ஐந்து குப்பி, திறக்கக்கூடாது' என்று அங்கேயே எழுதி வாங்குங்கள். ஐஸ் பேக்கும் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டியைத் தேவராஜ் அண்ணனின் மேஜை நிழலில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

"இது இன்னாத்துக்கு மேடம்?"

"தோள்ல தசைநார் கிழிஞ்சா வளர வைக்க முடியுமான்னு பாக்கறோம்."

அவர் கை தானாக வலது தோளுக்குப் போனது. "தகடு அழுத்தற பிரஸ் லைன்ல பதினோரு வருஷம். ஓவர்டைம் வேற. இந்தக் கை மேல போவ மாட்டேங்குது, அதான் இங்க வந்துட்டேன். எனக்கு ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"கூடாதுண்ணா. தட்டுல வளக்கற செல்லுக்குத்தான் போடறோம். உடம்புக்குள்ள போனா என்ன பண்ணும்னு இன்னும் தெரியாது."

"எப்ப தெரியும்?"

"பத்து வருஷம் ஆகலாம். தெரியாமலே போனாலும் போகலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு வருடமாகத் தோள், தோள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வலிக்கிற ஒரு தோளோடு உட்கார்ந்து பேசியதில்லை.

10.55க்குத் திருத்திய பாஸ் வந்தது. பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது, குப்பிகள் இன்னும் சில்லென்றிருந்தன.

"பத்து வருஷம்னா," என்றார் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, "இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? கெளம்புங்க மேடம்."

வலது கை பக்கத்தில் தொங்க, இடது கையால் தடுப்புக் கட்டையைத் தூக்கி, நான் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.